நடுவில் ஓட்டை உள்ள குஷன்

அவர் உட்காரவே இல்லை.

ஜொகூரில், பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டுக் கூடம் சின்னது. அம்மா காலையிலேயே எல்லா நாற்காலிகளையும் சுவரோரமாக வரிசைப்படுத்தி, பிரம்பு நாற்காலியை மட்டும் நன்றாகத் துடைத்துக் காற்றாடிக்கு நேர் கீழே போட்டிருந்தார். மாப்பிள்ளையின் அப்பாவுக்கான ஆசனம் அது.

“உக்காருங்க, உக்காருங்க” என்றார் அப்பா.

“பரவால்லங்க. இவ்ளோ நேரம் கார்ல உக்காந்துதானே வந்தோம்” என்றார் அவர், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டே.

பெண் பார்க்க வந்த வீட்டில் பெரியவர் உட்காராவிட்டால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். இந்த இடம் சரிப்படாது, மரியாதைக்கு எட்டிப் பார்த்தோம், கிளம்புகிறோம். பெரியவர் நிற்கும்போது மற்றவர்கள் எப்படி உட்காருவார்கள்? அவர் மனைவி நின்றார். மகன் நின்றார். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த காஹாங் அத்தை நின்றார். முழங்கால் வலிக்காரரான அப்பாவும் வீம்புக்கு நின்றார். தேசிய கீதத்துக்குக் காத்திருப்பவர்களைப் போல எல்லாரும் விறைப்பாக நின்றார்கள்.

நான் தேநீர், முறுக்கு, கேசரி எல்லாம் அடுக்கிய தட்டோடு சமையலறை வாசலில் நின்றேன். அம்மா என் காதருகே, “முடிஞ்சிச்சு. வாசல் பெருக்குனது வீண்” என்றார்.

அவர் கொஞ்சம் நிற்கட்டும். அதற்குள் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இந்தக் கதை புரியாது.

தையல்காரியும் டிரஸ்ஸரும்

இந்தத் தொடரின் போன வாரத்து அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: “டாக்டர் பேசுவதை டைப் அடிப்பதில் அப்படி என்னதான் கிடைக்கிறது?” நியாயமான கேள்வி. என் வீட்டிலேயே பல வருடமாகக் கேட்கிறார்கள்.

டாக்டர் நோயாளியைப் பார்த்து முடித்ததும், பார்த்ததையெல்லாம் ஒலிப்பதிவாகச் சொல்லி வைப்பார். இந்தப் பெயர், இந்த ஊர், இந்த வயது, இந்த வலி, இந்த மருந்து. அது எங்கள் கம்பெனிக்கு வரும். நான் வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலால் ஒரு பெடலை மிதித்து நிறுத்தி, ஓடவிட்டு, திரும்பக் கேட்டு, அதை அறிக்கையாக அடித்துக் கொடுப்பேன். இப்போதெல்லாம் முதல் வரைவை இயந்திரமே போட்டுவிடுகிறது. ஆனால் அதற்கு யார் யார் என்று தெரியாது. டாக்டர் இருமினால் நோயாளிக்கு இருமல் என்று எழுதிவிடும். அதனால் எங்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

என் டாக்டர் உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த கறிபாப் தின்றுகொண்டே பேசுவார். கல்லீரலைப் பற்றி ஒரு வரி, ஒரு கடி, சிறுநீரகத்தைப் பற்றி ஒரு வரி, ஒரு கடி. இடையில் நர்ஸிடம் “உருளைக்கிழங்கு பத்தலலா இன்னைக்கு” என்பார். அதை நோயாளியின் அறிக்கையில் சேர்க்காமல் இருப்பதுதான் என் தொழில் திறமை.

பக்கத்து வீட்டு அக்கா என் ஜன்னல் வழியாகக் கால் ஆடுவதை மட்டும் பார்த்துவிட்டு, நான் தையல் எடுத்திருக்கிறேன் என்று முடிவு செய்துவிட்டார். தீபாவளிக்கு முன் ரவிக்கைத் துணியும் அளவு ரவிக்கையுமாக வந்து நின்றார். நான் விளக்கிச் சொன்னேன். “அது சரிலா, இதையும் சேத்து தச்சிடேன்” என்றார். இன்று வரைக்கும் அவருக்கு என் மேல் வருத்தம்.

காஹாங் அத்தை இதற்கு நேர் எதிர். காஹாங்கில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரைத்தான் பெரிய வைத்தியராக நினைத்து வளர்ந்தவர். டாக்டரின் பேச்சை நாள் முழுக்கக் கேட்கிறவளுக்கு வைத்தியம் தெரியாமல் இருக்குமா என்பது அவர் வாதம். வீடியோ கால் போட்டால் முகம் தெரிவதற்கு முன் நாக்குத்தான் தெரியும்.

“வாணி, வெள்ளையா இருக்கு பாரு. என்னாம்மா அது?”

“அத்தை, நான் டைப்பிஸ்ட்டு.”

“தெரியும்லா. என்னா மருந்துன்னு மட்டும் சொல்லு.”

இந்த அழகில் எனக்குச் சம்பந்தம் பேச ஆரம்பித்தார்கள். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் “பொண்ணு ஆஸ்பத்திரி வேலையாமே” என்று மலர்ந்த முகத்தோடு வருவார்கள். வீட்டில் ஒரு மேசையும் பெடலும் இருப்பதைப் பார்த்ததும் முகம் சுருங்கும். கடைசியில் ஒரே பேச்சு: கல்யாணத்துக்குப் பிறகு இதை விட்டுவிட்டு சிங்கப்பூரில் ஏதாவது பார்க்கட்டும். ஜொகூரில் பிறந்தவர்கள் விடியும் முன் எல்லைப் பாலத்தைக் கடக்காவிட்டால் அதை வேலையாகவே யாரும் சேர்த்துக்கொள்வதில்லை.

எனக்கோ இந்த வேலை பிடிக்கும். அதை விடச் சொன்ன இடங்களையெல்லாம் நான் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு வந்தவர்களிடமும் அதையே சொல்லுவது என்று காலையில் பல் தேய்க்கும்போதே தீர்மானித்திருந்தேன்.

இந்த வேலையில் கல்லில் செதுக்கிய விதி ஒன்று உண்டு. காதில் விழுந்தது வாயில் வரக் கூடாது. சேர்ந்த முதல் நாளே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். மீறினால் சீட்டுக் கிழிந்தது. தெரிந்தவர்களுடைய பதிவு வந்தால் கேட்காமலே திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்.

காலண்டரில் என்ன இருக்கிறது

நான் தட்டோடு கூடத்துக்குள் வந்தபோது அவர் காலண்டரில் அடுத்த மாதத்துக்குப் போயிருந்தார். தம் இடது காலில் கொஞ்சம், வலது காலில் கொஞ்சம் என்று உடம்பை மாற்றி மாற்றிச் சாய்த்துக்கொண்டிருந்தார். சிரித்த முகம்தான். ஆனால் நெற்றி வியர்த்திருந்தது, காற்றாடி சுற்றும்போதே.

பேச்சை ஆரம்பிக்க அப்பா கேட்டார். “ஐயா என்ன வேலையா இருந்தீங்க?”

“ராஜமாணிக்கம்னா பெக்கான் நானாஸ்ல எல்லாருக்கும் தெரியுங்க. அன்னாசிப்பழ பேக்டரில சூப்பர்வைசர். இப்பதான் ரிட்டயர் ஆனேன். இவன் ஒரே மகன். சிங்கப்பூர்ல வேலை.”

தேநீர் கொஞ்சம் முறுக்கில் சிந்தியது.

இந்தப் பெயரை, இந்த ஊரை, இந்த பேக்டரியை அதே வாரத்தில்தான் கேட்டிருந்தேன். கறிபாப் வாயோடு என் டாக்டர் சொன்னது அப்படியே காதில் ஓடியது. அறிக்கைக்கு வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் அவர் பெருமூச்சோடு சேர்த்திருந்தார்: இவருக்கு உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், ஆனால் மகனுக்குப் பெண் அமையும் வரை முடியாது என்கிறார், வியாதி வெளியே தெரிந்தால் பரம்பரை வியாதி என்று சொல்லி யாரும் பெண் கொடுக்க மாட்டார்களாம், வீட்டிலும் சொல்லவில்லையாம், கண் பரிசோதனைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இங்கே வருகிறாராம்.

வியாதி என்ன என்று நான் எழுதப் போவதில்லை. சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடுதான் இந்த அத்தியாயத்தையே எழுதுகிறேன். “பேரப் போடு, ஊரப் போடு, வியாதிய மட்டும் போடாத” என்றார். அப்போதும் பெயரை மாற்றித்தான் போட்டிருக்கிறேன். மனிதனை உட்கார விடாத வியாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசகர்கள் புத்திசாலிகள்.

ஆக, அந்தக் கூடத்தில் அத்தனை பேரும் அவர் எங்களை அவமதிக்கிறார் என்று நினைத்து நின்றுகொண்டிருக்க, அவர் ஏன் நிற்கிறார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கும் அவருக்கும். அதை நான் சொல்லக் கூடாது. அவரும் சொல்ல மாட்டார்.

அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. நான் வேண்டாமென்று சொன்னால் அவர் இன்னொரு வீடு தேட வேண்டும். அங்கேயும் போய் நிற்க வேண்டும். அதற்கும் அடுத்த வீட்டிலும். என் வாழ்க்கையில் நான் எடுக்கப்போகிற பெரிய முடிவில் ஒரு பெரியவருடைய பின்பக்கம் வந்து மாட்டிக்கொள்ளும் என்று எந்த ஜோசியரும் எனக்குச் சொல்லவில்லை.

“அண்ணே, உக்காருங்கண்ணே. எங்களுக்கும் காலு வலிக்குது” என்றார் காஹாங் அத்தை. அவருக்கு நயம் தெரியாது.

வேறு வழியில்லாமல் அவர் பிரம்பு நாற்காலியை நோக்கி நடந்தார். அந்தப் பிரம்பின் முடிச்சுகளை நான் அறிவேன். பாவி நாற்காலி அது. அவர் இரண்டு கைப்பிடிகளையும் பற்றிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, மெல்ல மெல்ல இறங்க ஆரம்பித்தார்.

என்னால் பார்க்க முடியவில்லை.

“இருங்க அங்கிள்!” என்று கத்திவிட்டேன்.

ஆசனம் மாறியது

நாளெல்லாம் உட்கார்ந்து செய்யும் வேலையில் இடுப்புத்தான் முதலில் போகும். அதனால் எங்கள் தொழிலில் பலரும் வட்டமான, நடுவில் ஓட்டை உள்ள ஒரு குஷன் வைத்திருப்போம். என்னுடையது ஊதா நிறம். தட்டை அப்பாவின் கையில் திணித்துவிட்டு அறைக்கு ஓடி, என் நாற்காலியிலிருந்து அதை உருவிக்கொண்டு வந்து, பிரம்பு நாற்காலியில் போட்டேன்.

காஹாங் அத்தை எட்டிப் பார்த்தார்.

பெண் பார்க்க வந்த வீட்டில் பெண் வந்து கும்பிடுவாள், தேநீர் கொடுப்பாள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அடியில் ஓட்டைக் குஷன் போடுவாள் என்று எங்கேயும் இல்லை. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவர் குஷனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். மழை விட்டதும் வெயில் வருமே, அப்படி ஒரு வெளிச்சம் நெற்றியிலிருந்து தாடை வரை இறங்கியது. “ம்ம்ம்” என்று ஒரு சத்தம் வந்தது. பேச்சு இல்லை, சத்தம்தான். அவர் உட்கார்ந்ததும் எல்லாரும் சடசடவென்று உட்கார்ந்தார்கள். அப்பா தட்டோடு உட்கார்ந்து, பழக்கத்தில் ஒரு முறுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

இதற்குள் அவர் மனைவிக்குப் பேச்சு வந்துவிட்டது. “பொண்ணு ஆஸ்பத்திரில வேலைன்னு சொன்னாங்களே?”

“வீட்லேர்ந்து செய்யிறேன் ஆன்ட்டி. டாக்டருங்க பேசுறத டைப் பண்ணிக் குடுப்பேன்.”

“டைப்பா?” முகம் சுருங்கியது. நான் எதிர்பார்த்ததுதான். “அது என்னாத்துக்கும்மா? கல்யாணத்துக்கு அப்பறம் விட்டுட்டு சிங்கப்பூர்ல ஏதாச்சும் பாத்துக்கலாம்லா.”

இதோ வந்துவிட்டது. வேண்டாமென்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் குஷன் மேலிருந்து குரல் வந்தது.

“எந்த டாக்டரும்மா?” என்றார் ராஜமாணிக்கம்.

“அது சொல்லக் கூடாது அங்கிள்.”

“யாருக்கு என்ன வியாதின்னுலாம் தெரியுமா?”

“எனக்கு ஒண்ணும் தெரியாது அங்கிள்.”

“ஒண்ணுமே தெரியாதா?”

“ஒண்ணுமே தெரியாது.”

அவர் தம் அடியில் இருந்த குஷனின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். அத்தைக்கு வாய் நிற்கவில்லை. “பொய் சொல்லாதம்மா! அவளுக்கு எல்லாம் தெரியுங்க. என் நாக்கப் பாத்தே...”

“அத்தை!” என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இப்போது அவர் கோபப்பட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் யாரிடமும் சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் ஒரு குஷன் போட்டேனே? குஷன் போடுவது விதி மீறலா? கையெழுத்துப் போட்ட நாளில் இதை யாரும் எங்களுக்கு விளக்கவில்லை.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார். “இந்தா பாரு. இந்தப் பொண்ணு வேலைய விடக் கூடாது.”

“என்னாங்க நீங்க?”

“விடக் கூடாதுன்னா விடக் கூடாது. நல்ல வேலை. ஒழுக்கமான வேலை. அந்தக் கேசரிய இப்பிடிக் குடு.”

எங்கள் வீட்டில் அவர் கை நனைத்துவிட்டார். அம்மா அடுப்படிக்குள் போய்ச் சாமி படத்தைத் தொட்டுக் கும்பிட்டார்.

கார் நிறுத்துமிடத்தில் ஒரு கேள்வி

பெரியவர்கள் எங்களை வெளியே பேச அனுப்பினார்கள். வெளியே என்றால் வீட்டு முன்னால் அப்பாவின் கார் நிற்கும் இடம். மாப்பிள்ளை திலீபன் காரின் ஒரு பக்கம், நான் மறு பக்கம். அவர் கண்ணில் தூக்கம் இருந்தது. தினமும் விடியும் முன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டுகிற எல்லாருக்கும் அந்தக் கண்தான்.

“சாரி. அப்பா எப்பவும் இப்பிடி நிக்க மாட்டாரு. கொஞ்ச நாளா சாப்புடுறதுகூட நின்னுக்கிட்டேதான். கண்ணு டெஸ்ட்டு, கண்ணு டெஸ்ட்டுன்னு வேற போய்க்கிட்டே இருக்காரு. கேட்டா சொல்ல மாட்டேங்கிறாரு. பயமா இருக்கு” என்றார்.

சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்பாவைப் பற்றிக் கவலைப்படுகிற ஒரு மகனிடம், பயப்படாதே, சின்ன ஆபரேஷன்தான், ஒன்றும் ஆகாது என்று சொல்ல முடியாமல் நின்றதைப் போலக் கஷ்டமான வேலையை நான் அதுவரை செய்ததில்லை.

“கேட்டுக்கிட்டே இருங்க. சொல்லுவாரு” என்றேன்.

அவர் கார் மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார். “இந்த வேலையில உங்களுக்கு என்னா புடிச்சிருக்கு?”

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எவ்வளவு கிடைக்கும், பதவி உயர்வு உண்டா, எப்போது விடுவாய் என்று கேட்டவர்கள் உண்டு. இதை ஒருத்தர்கூடக் கேட்டதில்லை.

“முகம் தெரியாதவங்க வலிய கேக்குறேன். டாக்டர் அடுத்த ஆளப் பாக்கப் போயிருவாரு. அந்த வலி சரியா எழுத்துல ஏறணும்னு உக்காந்திருக்கிறது நான்தான். அது புடிச்சிருக்கு.”

அவர் தலையாட்டினார். கொட்டாவி வந்தது; அடக்கிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் அந்தக் கொட்டாவியை அடக்கிக்கொள்ளாமல் விட்டிருக்கலாம் என்று தோன்றியது. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது என்று தெரிந்தது அப்போதுதான்.

ஒரு தேதி

கிளம்புகிற நேரத்தில் ராஜமாணிக்கம் தண்ணீர் குடிக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு சமையலறைக்கு வந்தார். கையில் என் குஷன். நான் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

எட்டிப் பார்த்து, யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ரகசியக் குரலில் கேட்டார்.

“கேட்டியா நீ?”

“என்னத்த அங்கிள்?”

“அதான்.”

“எனக்கு ஒண்ணும் தெரியாது அங்கிள்.”

“சரி, தெரிய வேணாம்.” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஒலகத்துல ஒருத்திக்கு மட்டும் என் கஷ்டம் தெரிஞ்சிருக்கு. அவ அதப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாம குஷன் எடுத்தாந்து போடுறா. இத நான் எங்க போயித் தேடுவேன்?”

எனக்குக் கண் கலங்கியது. குழாயைத் திறந்துவிட்டேன்.

அவர் குஷனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். மகனுக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லவில்லை. உனக்குப் பிடித்திருக்கிறதா என்றும் கேட்கவில்லை. கேட்டது இதுதான்.

“அப்ப நான் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கட்டுமா?”

ஆபரேஷன் என்ற வார்த்தையை அவரே சொல்லிவிட்டதால் அதற்குப் பதில் சொல்லுவது விதி மீறல் ஆகாது. நான் கோப்பையைக் கவிழ்த்து வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டேன்.

“வாங்குங்க மாமா” என்றேன்.

அங்கிள் மாமாவானதை அவர் கவனித்தார். குஷனை எடுத்துக்கொண்டே காருக்குப் போய்விட்டார். இன்றுவரை அது திரும்பி வரவில்லை. அன்று ராத்திரியே வீட்டில் எல்லாவற்றையும் அவர் வாயாலேயே சொல்லிவிட்டதாகத் திலீபன் போன் செய்தார். இப்போது எந்த விருந்துக்குப் போனாலும் அவரே நாலு பேரைக் கூட்டி இந்தக் கதையைச் சொல்லுகிறார். வியாதியின் பெயரோடுதான் சொல்லுகிறார். எனக்குத்தான் தடை.

கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால், வேலை நேரத்தில் ஒரு பதிவு வந்தது. கறிபாப் மெல்லும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் பெக்கான் நானாஸ், அன்னாசி பேக்டரி என்று வந்ததுமே பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மேற்கொண்டு கேட்காமல் திருப்பி அனுப்பினேன்.

எங்கள் மேற்பார்வையாளர் பிலோமினா அக்கா உடனே போன் போட்டார்.

“ஏன் வாணி திருப்பிட்ட?”

“சொந்தக்காரங்கக்கா.”

“என்னா சொந்தம்?”

“மாமனாரு.”

“அலமாக், உனக்கு இன்னும் கல்யாணமே ஆகலயேலா?”

“எனக்கு ஆகலக்கா. அவருக்கு ஆபரேஷன் ஆயிருச்சு.”